இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகாதீர்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ்ஸுக்கு நிற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் மடிவாளாப் பக்கம் காய்கறி வாங்க வந்தால் நடைபாதை முழுக்க நீங்கள்தான். தோளில் லேப்டாப் பை, காலடியில் அழுக்குத்துணி அடைத்த இன்னொரு பை, காதில் போன். "அண்ணா, வண்டி எங்க வருது?" என்று கேட்கிறீர்கள். "கலாசிபாளையம் தாண்டிட்டேன், பத்தே நிமிஷம்" என்கிறார் அந்த அண்ணன். அந்தப் பத்து நிமிஷத்தின் நீளம் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சேலம், திருச்சி, மதுரை, நாகர்கோவில் என்று கண்ணாடியில் ஊர்ப்பெயர் தெரிந்ததும் உங்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுக்கு நடப்பேன். திங்கட்கிழமை விடிவதற்குள் அதே பஸ் உங்களை எலெக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறக்கிவிடும். பிஜி விடுதியில் வெந்நீர் வருகிறதா என்று பார்த்துக் குளித்துவிட்டு, ஒன்பதரை மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

உங்களிடம் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கேட்கத்தான் இந்த மடல். அன்று ஊருக்குப் போகாமல் லால்பாக்குக்குப் போங்கள்.

சிரிக்காதீர்கள். பூங்காவுக்குப் போகச் சொல்லி ஒரு மடலா என்று தோன்றும். எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 1994இல் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள். சொந்த ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1991இல் காவிரிக்காக இங்கே நடந்த கலவரத்தை அம்மா பேப்பரில் படித்திருந்தார். "ஆறு மாசம் பாரு, சென்னைக்கு மாத்தல் வாங்கினு வந்துடு" என்று சொல்லித்தான் அனுப்பினார். நானும் மாற்றலுக்கு எழுதிப் போட்டேன். ஆறு மாசம் ஏழு வருஷமாயிற்று. அந்த ஏழு வருஷத்தில் நான் வாங்கிய சாமான்களின் பட்டியல் இது: ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மடக்குக் கட்டில், இரண்டு தட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். பீரோ வாங்கவில்லை. அடுத்த வருஷம் எப்படியும் போய்விடப்போகிறோம், லாரியில் ஏற்ற வேண்டியிருக்குமே என்று துணிகளை சூட்கேஸிலேயே வைத்திருந்தேன். கன்னடம் கற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் என்றால் அது திண்டிவனம். இது வேலை செய்கிற இடம்.

உங்களில் பலர் இப்போது அந்தச் சூட்கேஸ் வாழ்க்கையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாளியைத் தவிர மற்றதெல்லாம் வாடகைக்கே கிடைக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஒரு நாள் கணக்குப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நீங்கள் உட்காரும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. பிஜி கட்டிலுக்கு மாத வாடகை. ஆபீஸ் நாற்காலிக்கு உங்கள் பத்து மணி நேரம். மாலில் உட்கார்ந்தால் எதையாவது வாங்க வேண்டும், கோரமங்களா காபிக் கடையில் உட்கார்ந்தால் கோப்பை காலியானதும் மேசையைத் துடைக்க ஆள் வந்துவிடும். வாடகைக்காரராக, ஊழியராக, வாடிக்கையாளராக இந்த ஊர் உங்களை நன்றாகவே நடத்துகிறது. ஆனால் அந்த மூன்று உடுப்பையும் கழற்றிவைத்துவிட்டுச் சும்மா உட்கார ஓர் இடம் கிடைக்காதவரை எந்த ஊரும் நமக்கு ஊராவதில்லை. நம் ஊரில் அதற்குக் கோயில் பிராகாரம் இருந்தது, குளத்துப் படி இருந்தது, ஆலமரத்து மேடை இருந்தது. இங்கே அது 240 ஏக்கரில் இருக்கிறது. காலையில் நடக்க வருகிறவர்களிடம் சீட்டுக்கூடக் கேட்பதில்லை. பகலில் போனால் கட்டணம் உண்டு. காபிக் கடையில் நீங்கள் கொடுப்பதைவிடக் குறைவு.

டிராபிக் என்று சாக்குச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. எலெக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ ஏறி ஆர்.வி. ரோட்டில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். நிலையத்தை விட்டு இறங்கினால் மேற்கு வாசல். விடிந்ததும் கிளம்புங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி இங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். கண்ணாடி மாளிகைக்குள் பூவாலேயே கோபுரமும் தேரும் கட்டியிருப்பார்கள். பார்க்கவேண்டியதுதான், ஆனால் முதல் தடவை அன்று போகாதீர்கள். அது திருவிழா. திருவிழாக் கூட்டத்தில் மூலவரைப் பார்க்க முடியாது.

உள்ளே போனதும் பூவைத் தேடாமல் முதலில் பாறைக்குப் போங்கள். வெயில் ஏறினால் கால் பொறுக்காது. தோட்டத்துக்குள் ஒரு யானை படுத்திருப்பதைப்போல மண்ணுக்கு மேல் முதுகு காட்டும் குன்று அது. உச்சியில் ஒரு சின்ன மண்டபம் தெரியும். கெம்பேகௌடா பெயரால் வழங்கும் நான்கு கோபுரங்களில் ஒன்று அது. 1537இல் இந்த ஊரைக் கட்டியவர் கெம்பேகௌடா. நாலு திசையிலும் கோபுரம் நிறுத்தி, ஊர் இதுவரை வளரும் என்று குறித்தார்கள் என்பது கதை. இப்போது அந்த மேட்டில் நின்று சுற்றிப் பாருங்கள். எல்லைக்கல் ஊருக்கு நட்டநடுவில் நிற்கிறது. எல்லை போட்டவர் காலத்துக்குப் பிறகு வந்தவர்கள்தான் இந்த ஊரின் பெரும்பகுதி. நீங்களும் நானும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

இனிக் கீழே குனிந்து பாறையைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக வரிகள், பரோட்டா மாவை இழுத்து மடித்ததைப்போல வளைந்து வளைந்து போகும். பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல்லே மாவாக இளகிப் பிசையப்பட்டதன் தடம் அது. தீபகற்ப நைஸ் என்று இதற்குப் பெயர். வயது சுமார் 300 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுதான் ஆகிறது என்று வைத்துப் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பது இந்தக் கல்லின் மேல்தான். நீங்கள் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி என்று போகும்போது நிலா வெளிச்சத்தில் ஜன்னலோரம் தெரியுமே குன்றுகள், அவையும் இந்தப் பழம்பாறைப் பரப்பின் தொடர்ச்சிதான். சோதனைச் சாவடியில் பஸ்தான் நிற்கும். பாறை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

பாறை ஒன்றுதான் இங்கே பூர்வகுடி. மற்றதெல்லாம் வந்தது, கொண்டுவந்தது.

1760இல் ஹைதர் அலி இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். சிராவில் இருந்த முகலாயத் தோட்டம் அவர் மனசில் இருந்தது. மகன் திப்பு பெரிதாக்கினார். தூர தேசங்களிலிருந்து விதையும் கன்றும் தருவித்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் தோட்டம் கும்பெனிக் கைக்குப் போய், 1856இல் அரசுத் தாவரவியல் பூங்கா ஆயிற்று. அதற்குப் பிறகு லண்டன் கியூ தோட்டத்தில் பழகியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

அவர்களில் ஒருவரை உங்கள் வீட்டுச் சமையலறைக்கே தெரியும். ஊரில் அம்மா கூட்டுச் செய்யும் சௌசௌவை, பாட்டி என்ன பெயர் சொல்லிக் கேட்பார்? பெங்களூர் கத்திரிக்காய். அது கத்திரிக்காயும் கிடையாது, அதன் சொந்த ஊர் பெங்களூரும் கிடையாது. மெக்சிகோப் பக்கத்துக் கொடி. 1874இலிருந்து 1908வரை லால்பாக்கைக் கவனித்த ஜான் கேமரான்தான் அதை இங்கே பயிராக்கினார் என்பார்கள். கன்னடத்தில் அதற்கு சீமெ பதனெகாயி, அதாவது சீமைக் கத்திரிக்காய். அவர்கள் அதை வெளிநாட்டுக்காரன் என்றார்கள். நாம் அதைப் பெங்களூர்க்காரன் என்றோம். ஒரு காய் எந்த ஊர் என்பது, எந்த ஊர்ச் சந்தையில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கேமரான் காலத்தில்தான் கண்ணாடி மாளிகையும் எழுந்தது. 1889 நவம்பர் 30இல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனில் 1851 கண்காட்சிக்காகக் கட்டிய பளிங்கு மாளிகையின் சாயல். இரும்பு வேலை கிளாஸ்கோ வார்ப்படச் சாலையில் செய்தது. லண்டன் மாளிகை 1936இல் எரிந்து போயிற்று. அதன் சாயலில் பிறந்தது இங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. காலை ஏழரைக்கு அதன் இரும்புச் சட்டங்களின் நிழல் தரையில் கோலம் போட்டிருக்கும். அந்த நேரத்துக்கு அங்கே இருங்கள்.

கேமரானுக்குப் பின் வந்தவர் கிரும்பிகல் என்ற ஜெர்மன்காரர். டிரெஸ்டன் பக்கத்தில் பிறந்து, கியூவில் வேலை பார்த்து, பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, 1908இல் இங்கே சேர்ந்தார். நம் பாஷையில் சொன்னால், மூன்று கம்பெனி மாறி பெங்களூர் வந்தவர். தெருவோர மரங்களை அவர் நட்ட விதத்தில் ஒரு கணக்கு இருந்தது: ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை தொடங்க வேண்டும், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தெரு பூத்திருக்க வேண்டும். தை, மாசியில் உங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இளஞ்சிவப்பாக ஒரு மரம் இலையே இல்லாமல் பூக்கிறதே, அதன்பின் ஊதாவாக ஜக்கராண்டா, அதன்பின் கோடையில் சிவப்பாக மயில்கொன்றை என்று வரிசை வைத்து வருகிறதே, அந்த ஏற்பாட்டின் பின்னால் இந்த மனிதரின் யோசனை இருக்கிறது. உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக இவரைக் காவலில் வைத்தார்கள். வெளியே வந்தபின் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. 1956இல் இந்த ஊரிலேயே இறந்தார். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். லால்பாக்கை ஒட்டி ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

நாகலிங்க மரத்தையும் பார்த்துவிடுங்கள். அடிமரத்திலேயே பூத்து, பீரங்கிக் குண்டு மாதிரி காய்த்துத் தொங்கும். பூவுக்குள் படமெடுத்த நாகமும் லிங்கமும் இருப்பதால் நம் சிவன் கோயில்களில் அதற்கு எவ்வளவு மரியாதை! அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். வந்தவனைச் சாமியாக்கவும் நமக்குத் தெரியும்.

இதெல்லாம் துரைமார் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணை வெட்டினது யார் கை? இந்த ஊரின் பழைய தோட்டக்காரச் சமூகம் திகளர். தமிழ் நிலத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றிய வழக்கு. ஹைதர் காலத்திலேயே லால்பாக்கில் அவர்கள் உழைப்பு இருந்தது என்பார்கள். கன்னடச் சைத்ர மாசப் பௌர்ணமி ராத்திரி அவர்கள் நடத்துவதுதான் பெங்களூர் கரகம். தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் பூவால் மூடிய கோபுரமாகக் கிளம்பி, வழியில் ஒரு தர்காவுக்கும் போய்வரும். நான் அதை முதலில் பார்த்தபோது நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். திரௌபதி அம்மனும் தர்மராஜா கோயிலும் எங்கள் செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சாமிகள். பாரதக் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எங்கள் அம்மன் இந்த ஊருக்கு வந்து வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாற்றலுக்கு எழுதிப் போடவில்லை.

இன்னொரு மரத்துக்கு வருகிறேன். லால்பாக்கில் ஒரு கிழட்டு இலவ மரம் இருக்கிறது. எங்கே என்று நான் சொல்லமாட்டேன். யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்தச் சாக்கில் நாலு வார்த்தை பேசுவீர்கள். அடிமரம் சுவர் சுவராகப் புடைத்து, அந்த மடிப்புகளுக்குள் ஆள் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும். அங்கே போய் நின்றால் இலவு காத்த கிளி நினைவுக்கு வராமல் போகாது. சென்னை மாற்றல், ஆன்சைட், அடுத்த கம்பெனி, கல்யாணத்துக்குப் பிறகு என்று காத்துக்கொண்டே இருக்கிற கிளி. அந்த மரத்தடியில் நின்றபோது கிளி யார் என்று எனக்குப் புரிந்தது. அன்று என் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

2001 கார்த்திகை மாசம். அப்பா பெங்களூருக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். மல்லாட்டை பயிர் செய்கிறவர். உங்கள் ஊரில் நிலக்கடலை, வேர்க்கடலை என்பீர்கள். வந்த அன்று கேட்டார்: "ஏழு வருஷமா இருக்கிறியே, இந்த ஊர்ல இன்னா இருக்குது? காட்டு."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆபீஸ் பஸ் போகும் வழி தெரியும். திண்டிவனம் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியும். மூன்றாவதாக ஒன்று தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். பசவனகுடியில் கடலெகாயி பரிஷெ நடக்கிறதே என்றார். கார்த்திகைக் கடைசித் திங்கட்கிழமை, பெரிய நந்தி கோயில் வாசலில் நடக்கும் கடலைத் திருவிழா அது. விளைந்த கடலையை நந்திக்குக் கொடுத்துவிட்டு மலை மலையாகக் குவித்து விற்பார்கள். அப்பாவுக்குச் சொந்தபந்தத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை எடுத்து உடைத்து, பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, விற்கிறவர்களிடம் தமிழில் விலை கேட்டார். அவர்களில் சிலர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். தமிழிலேயே பதில் சொன்னார்கள். இரண்டு படி வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லால்பாக். கால் போன போக்கில் உள்ளே நுழைந்தோம்.

இலவ மரம் பார்த்தோம். சுற்றிவந்தபோது ஓரிடத்தில் ஒரு மரத்துண்டு கிடத்தியிருந்தது. பட்டை, கணு, வரி எல்லாம் மரம். அப்பா தட்டிப் பார்த்தார். கல். நடக்க வந்த ஒரு கன்னடப் பெரியவர் நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். திண்டிவனம் என்றேன். அவர் அந்தக் கல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "இது நிம்ம கடெயிந்தானே பந்தித்து" என்றார். உங்கள் பக்கத்திலிருந்துதானே வந்தது.

திருவக்கரையிலிருந்து. விழுப்புரம் மாவட்டம், வக்கிரகாளி கோயில் இருக்கிற அதே திருவக்கரை. எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே கல்மரப் பூங்கா இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் ஒரு நாளும் போனதில்லை. என் மண்ணில் கிடந்த இரண்டு கோடி ஆண்டுக் கல்மரத்தை நான் முதன்முதலில் தொட்டது பெங்களூரில், அதையும் ஒரு கன்னடக்காரர் சொல்லி.

அப்பா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு கல்லு இங்க வந்து குந்திக்கினு இருக்குதா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, பெரியவருக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை, உரம், மகன் மகள் எல்லாம் பேசினார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுந்தபோது அப்பா ஓடு அத்தனையையும் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டார்.

பின்னாளில் திருவக்கரையைப் பற்றிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. அங்கே கிடக்கும் கல்மரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் அவை அந்த இடத்தில் முளைத்தவையாக இருக்க முடியாது, எங்கோ நின்ற மரங்கள் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்து கல்லாகியிருக்க வேண்டும் என்று புவியியலாளர்கள் கணிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல் என்று நானும் அப்பாவும் பெருமைப்பட்டோமே, அது எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்ததுதான்.

இனி, நீங்கள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

"காவிரிச் சண்டை வந்தால் இந்த ஊர் நம்மை விரட்டுமே அக்கா." உண்மை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களை எரித்தார்கள். நான் மூன்று நாள் வெளியே வாய் திறக்கப் பயந்திருக்கிறேன். நான்காம் நாள் லால்பாக் போனேன். வழக்கமாக நடக்க வரும் பெண்கள் வழக்கமான பெஞ்சில் இருந்தார்கள். "யாகெ பரலில்லா?" என்று கேட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஊரில் நாலு பேர் வேண்டும். அவர்கள் ஆபீஸ் லிஃப்டில் கிடைக்கமாட்டார்கள். தினமும் ஒரே பாதையில் எதிரெதிரே நடந்தால்தான் கிடைப்பார்கள். அந்தப் பயம் அதனால் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பாதியாகக் குறைந்தது.

"வீட்டில் அம்மா காத்திருப்பாரே." அம்மாவை இங்கே கூட்டி வாருங்கள். ஒரு தடவையாவது அவர் பஸ் ஏறட்டும். பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவர் மனசில் ஒரு படம் வேண்டும். பிஜியின் இரும்புக் கட்டில் அந்தப் படமாக இருக்க வேண்டாம். குளக்கரையில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் காட்டுங்கள். எச்.எம்.டி. கொடுத்த பூக் கடிகாரத்தின் முன் நிற்கவைத்துப் போட்டோ எடுங்கள். பெரிய வாசல் பக்கம் எம்.டி.ஆரில் ரவா இட்லி வாங்கிக் கொடுங்கள். 1924இல் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்த கடை. "இதென்ன இட்லி?" என்பார். ஆனாலும் சாப்பிடுவார்.

"பூங்கா எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்." இதற்குத்தான் கொஞ்சம் கோபமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெப்பாளிலிருந்து உங்கள் சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை போடும் திட்டத்தில், லால்பாக்கின் ஓரத்து நிலமும் அடிபடும் என்று 2025இல் பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் பாறைக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். கவனியுங்கள், அந்தச் சாலை யாருக்காக? சில்க் போர்டு நெரிசலில் தினமும் நிற்கும் உங்களுக்காக என்றுதான் சொல்லப்படுகிறது. உங்கள் பெயரில் கேட்கிறார்கள், உங்களை யாரும் கேட்கவில்லை. நீங்களும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்குப் போய்விடுகிறீர்கள். சாலை வேண்டும் என்றே நீங்கள் முடிவுசெய்யலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த 300 கோடி வயதுப் பாறைமேல் ஒரு காலை உட்கார்ந்துவிட்டு முடிவுசெய்யுங்கள். வரி கட்டுகிறீர்கள், இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறீர்கள். ஒரு கருத்தும் சொல்லுங்கள்.

போகும்போது சில மரியாதைகள் உண்டு. மரத்தில் பெயர் செதுக்காதீர்கள். போனில் பாட்டை எல்லாருக்கும் கேட்கும்படி வைக்காதீர்கள். பாறையில் பாட்டிலை விட்டுவிட்டு வராதீர்கள். மல்லாட்டை ஓட்டைத் துண்டில் கட்டிக்கொண்ட கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போனாலும் அரை மணி நேரம் தனித்தனியாக நடங்கள். பெஞ்சில் யாராவது "திண்டி ஆய்த்தா?" என்று கேட்டால், டிபன் ஆயிற்றா என்று அர்த்தம். ஆய்த்து என்றால் ஆயிற்று, இன்னா இல்லா என்றால் இன்னும் இல்லை. நம் பாஷைக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். அந்த இரண்டு பதிலை வைத்துக்கொண்டே லால்பாக்கில் நான் முதல் ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அப்பா ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "மாத்தல் வந்துச்சா?" இன்னும் இல்லை என்றேன். "வந்தா வா. வர்ற வரைக்கும் துணிய பெட்டியிலயே வச்சினு இருக்காத, பூஞ்சை புடிச்சிக்கும்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த மாசமே பீரோ வாங்கினேன். மாற்றல் மூன்று வருஷம் கழித்து வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

உங்களைப் பீரோ வாங்கச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை போதும். நான் அனேகமாகக் கல்மரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பேன். கையில் கொஞ்சம் மல்லாட்டை இருக்கும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே பஸ்ஸில் வந்த ஓர் அக்கா
பெங்களூரு